பெயர் மறந்தால் ஹார்மோன் ஊசியா?

போன மாதம் தூக்கமின்மை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "ஆண் ஹார்மோன் என்று நாம் சொல்கிற டெஸ்டோஸ்டீரானை மூளையும் தன் பங்குக்குத் தயாரிக்கிறது, ஞாபகத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். எழுதியது ஒரு வரி, வந்த கடிதங்கள் கட்டுக்கட்டாக. பாதிக்கு மேல் ஆண்கள், அதிலும் "பெயர் போட வேண்டாம்" என்றவர்கள்தான் அதிகம். அதனால் இந்த முறை முழுக்க இந்த விஷயம்தான். யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும். சர்க்கரை, மூட்டுவலி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்டோஸ்டீரான் விதைப்பையில் சுரக்கிறது என்றுதான் பள்ளியில் படித்தோம். மூளைக்கு அதில் என்ன வேலை? நீங்கள் எழுதியது அச்சுப்பிழையா? (வாசகர், திருநெல்வேலி)

அச்சுப்பிழை இல்லை ஐயா. பள்ளியில் படித்ததும் பொய் இல்லை. ஆண்களின் ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டீரானில் ஏறக்குறைய 95 சதவீதம் விதைப்பையிலிருந்து வருவதுதான். அது கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் தடையில்லாமல் நுழைந்துவிடும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

1981இல் பிரான்சில் எத்தியென் எமில் பொலியூ என்பவரின் குழு, எலிகளின் விதைப்பையையும் அட்ரினல் சுரப்பியையும் அகற்றிவிட்டு மூளையைச் சோதித்தது. இந்த வகை ஹார்மோன்களைச் சுரக்கும் இரண்டு இடமுமே உடம்பில் இல்லை, ஆனாலும் டெஸ்டோஸ்டீரானுக்கு முன்படியான டிஎச்இஏ மூளையில் இருந்தது. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? மூளையே செய்துகொள்கிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிடித்தது. அதற்கு அப்புறம் 2004இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சுகுரு கவாட்டோவின் குழு, வளர்ந்த ஆண் எலியின் ஹிப்போகாம்பஸில் உள்ள நரம்புச் செல்களிலேயே இந்த ஹார்மோன்களைத் தயாரிக்கத் தேவையான நொதிகள் இருப்பதைக் காட்டியது.

ஹிப்போகாம்பஸ் என்றால் என்ன என்று அடுத்த கடிதம் வந்துவிடும், இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில், முதலாண்டு மாணவர்களுக்கு ஃபார்மலினில் ஊறிய மூளையை வெட்டிக் காட்டுவோம். காதுக்கு உள்பக்கமாக, பொட்டு மடலின் அடியில், சுண்டுவிரல் தடிமனில் சுருண்டு படுத்திருக்கும் ஒரு துண்டு. முழுதாகப் பிரித்து எடுத்து ஒரு தட்டில் வைத்தால் அச்சு அசல் கடல்குதிரைதான். 1587இல் இத்தாலிய உடற்கூறு அறிஞர் அரான்சி அதற்குக் கடல்குதிரை என்றே லத்தீனில் பெயர் வைத்தார். காலையில் யாரைப் பார்த்தோம், சாவியை எங்கே வைத்தோம், புதுத் தெருவில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் முதலில் பதிவது அங்கேதான். 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலெய்சன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் பெரும் பகுதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 55 வருடம் வாழ்ந்தார். அறையை விட்டுப் போய்விட்டுத் திரும்பி வரும் டாக்டரிடம் ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகமாகிக்கொண்டே வாழ்ந்தார்.

சரி, மூளை எவ்வளவு தயாரிக்கிறது? அதே டோக்கியோ குழு 2009இல் அளந்து பார்த்தது. ஆண் எலியின் ஹிப்போகாம்பஸில் டெஸ்டோஸ்டீரான் அளவு ரத்தத்தில் உள்ளதற்கு ஏறக்குறைய சமம். ஆச்சரியம் வேறொன்றில் இருந்தது. பெண் ஹார்மோன் என்று நாம் முத்திரை குத்திய ஈஸ்ட்ரடையால், அந்த ஆண் எலியின் ரத்தத்தில் இருந்ததைப் போலப் பல நூறு மடங்கு அதன் ஹிப்போகாம்பஸில் இருந்தது. விதைப்பையை அகற்றினால் ஹிப்போகாம்பஸில் டெஸ்டோஸ்டீரான் வெகுவாகக் குறைகிறது, ஆனால் அடியோடு போய்விடுவதில்லை. அதாவது பெரும்பகுதி வெளியிலிருந்து வரும் சரக்கு, கொஞ்சம் உள்ளூர்த் தயாரிப்பு. ஆனால் வந்த சரக்கை என்னவாக மாற்றுவது என்பதை மூளையே முடிவு செய்கிறது.

ஒரு ஹார்மோன் எப்படி ஐயா ஞாபகத்தை உண்டாக்கும்? நான் உயிர்வேதியியல் படிக்கிறேன், கொஞ்சம் விவரமாகவே எழுதுங்கள். (மாணவி, தஞ்சாவூர்)

விவரமாகவே எழுதுகிறேன். மற்றவர்கள் வேண்டுமானால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள், ஆனால் இதில்தான் ருசி இருக்கிறது.

ஹார்மோன் ஞாபகத்தை உண்டாக்குவதில்லை அம்மா. இரண்டு நரம்புச் செல்களுக்கு நடுவில் உள்ள இணைப்பு பலப்படுவதோ பலவீனப்படுவதோதான் ஞாபகத்தின் அடிப்படை என்று இன்றைக்குப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 1973இல் பிளிஸ், லோமோ என்ற இருவர், ஓஸ்லோவில் முயலின் ஹிப்போகாம்பஸில் செய்த சோதனையை வெளியிட்டார்கள். வேகமாக, சரமாரியாக மின்துடிப்பு கொடுத்தால் அந்த இணைப்பு மணிக்கணக்கில் பலமாகவே இருந்தது. பிற்பாடு இதற்கு நேரெதிரானதும் தெரிந்தது. ஒரு வினாடிக்கு ஒரு துடிப்பு என்று மெதுவாக, விடாமல், கால் மணி நேரம், அதாவது 900 துடிப்பு கொடுத்தால் அதே இணைப்பு தளர்ந்துபோகிறது.

இந்த இடத்தில்தான் டெஸ்டோஸ்டீரான் வருகிறது. ஒரே மாவுதான், தட்டில் ஊற்றினால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை. அதுபோல டெஸ்டோஸ்டீரான் மூலப்பொருள். அரோமடேஸ் என்ற நொதியிடம் மாட்டினால் அது ஈஸ்ட்ரடையால். 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதியிடம் மாட்டினால் டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரான், சுருக்கமாக டிஎச்டி. இது டெஸ்டோஸ்டீரானைவிட வீரியமான ஆண் ஹார்மோன். இரண்டு நொதியும் ஹிப்போகாம்பஸில் இருக்கின்றன.

இத்தாலியில் பெருஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று 2015இல் ஆண் எலியின் ஹிப்போகாம்பஸ் சீவல்களை வைத்து ஒரு வேலை செய்தது. சீவல் என்றால் உண்மையிலேயே சீவல்தான், மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது, உப்புக் கரைசலில் ஆக்ஸிஜன் ஓட்டி உயிரோடு வைத்திருப்பார்கள். உடம்பிலிருந்து பிரித்துவிட்டதால் ரத்தத்திலிருந்து எந்த ஹார்மோனும் வர வழியில்லை, அந்தச் சீவல் தானே தயாரித்தால்தான் உண்டு. ஈஸ்ட்ரஜனின் (ஈஸ்ட்ரடையால் இந்த வகைதான்) வேலையைத் தடுத்தால், சரமாரித் துடிப்பு கொடுத்தாலும் இணைப்பு வழக்கம்போல் பலப்படவில்லை. டிஎச்டியின் வேலையைத் தடுத்தால், மெதுவான துடிப்பு கொடுத்தாலும் இணைப்பு தளரவில்லை. ஆக, ஆண் எலியின் மூளையில் பதிய வைக்கிற வேலைக்கு "பெண்" ஹார்மோன் வேண்டியிருக்கிறது, இணைப்பைத் தளர்த்துகிற வேலைக்கு "ஆண்" ஹார்மோன் வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே.

தளர்த்துவது என்றதும் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் ரயில் நிலைய ஸ்டாண்டில் வண்டியை நிறுத்துகிறீர்கள். இன்றைக்கு நிறுத்திய இடம் ஞாபகத்துக்கு வர வேண்டுமானால் நேற்றும் முந்தாநாளும் நிறுத்திய இடங்கள் மங்க வேண்டும். எல்லா இடமும் ஒரே பளிச்சென்று இருந்தால் மாலையில் சாவியோடு வரிசை வரிசையாக அலைய வேண்டியதுதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். டிஎச்டி என்றாலே மறதி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் லெராந்த் குழு 2003இல் ஆண் எலிகளின் விதைப்பையை அகற்றிப் பார்த்தபோது ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியில் இணைப்புகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. டெஸ்டோஸ்டீரான் கொடுத்தார்கள், திரும்ப வந்தது. டிஎச்டி கொடுத்தார்கள், அதற்கும் வந்தது. ஈஸ்ட்ரடையால் கொடுத்தால் வரவில்லை, பெண் எலியில் அதே ஈஸ்ட்ரடையால் பிரமாதமாக வேலை செய்கிறது. ஒரே ஹார்மோன் இணைப்புகள் முளைக்கவும் உதவுகிறது, இருக்கும் இணைப்பைத் தளர்த்தவும் உதவுகிறது என்றால் குழப்பமாகத்தான் இருக்கும். தோட்டக்காரர் நாற்றும் நடுவார், கிளையையும் வெட்டுவார், இரண்டும் ஒரே கைதானே என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பழைய பாடப்புத்தகத்தில் ஹார்மோன் என்றால் ஜீனைத் தட்டி எழுப்பி மணிக்கணக்கில், நாள்கணக்கில் வேலை செய்வது என்று போட்டிருக்கும். கவாட்டோ குழு சீவல்களில் டெஸ்டோஸ்டீரானையும் டிஎச்டியையும் விட்டுப் பார்த்தபோது இரண்டே மணி நேரத்தில் நரம்புச் செல்லின் கிளைகளில் புது முட்கள் கூடியிருந்தன. அந்த முட்களில்தான் இணைப்பு விழும். தேர்வில் பழையபடி எழுதினால்தான் மதிப்பெண் என்றால் பழையபடியே எழுதிவிடுங்கள், மனதில் மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 66 வயது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் பெயர் மறந்துபோகிறது. மாலையில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன், டெஸ்டோஸ்டீரான் 310 என்று வந்தது. "ஊசி போட்டுக்கொள்ளுங்கள், மூளை இளமையாகிவிடும்" என்கிறார் மருந்துக்கடை நண்பர். போடலாமா? (ஓய்வுபெற்ற வாசகர், தென்காசி)

வேண்டாம். காரணத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர் சொல்வது முட்டாள்தனமான யோசனை இல்லை, இருபது வருடத்துக்கு முன்னால் பெரிய பெரிய டாக்டர்களே அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவில் பால்டிமோரில் 574 ஆண்களைச் சராசரியாக 19 வருடம் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனியாகத் திரியும் டெஸ்டோஸ்டீரான் அதிகமாக இருந்தவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. அதற்கு முன்பே 2001இல், 25 பேருக்கு ஆறு வாரம் ஊசி போட்டுப் பார்த்ததில் ஞாபகச் சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. இதையெல்லாம் படித்தால் யாருக்குத்தான் சபலம் வராது?

அதனால்தான் பெரிதாக ஒரு சோதனை செய்தார்கள். அமெரிக்காவில் 12 மையங்கள், 65 வயதைத் தாண்டிய, டெஸ்டோஸ்டீரான் 275க்குக் கீழே இருந்த 788 ஆண்கள். கவனியுங்கள், உங்கள் 310ஐவிடக் குறைவு. அவர்களில் 493 பேருக்கு வயதையொட்டிய ஞாபகக் குறைவும் இருந்தது. பாதிப் பேருக்குத் தோளில் தடவிக்கொள்ள ஹார்மோன் ஜெல், பாதிப் பேருக்குப் பார்வைக்கு அதேபோல் வெறும் ஜெல், யாருக்கு எது என்று தடவுகிறவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒரு வருடம். ஒரு சிறுகதைபோல் ஒரு பத்தியைப் படித்துக்காட்டி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், அதுதான் பரீட்சை. 2017இல் முடிவு வந்தது. ஹார்மோன் தடவியவர்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரான் இளவட்டங்களின் அளவுக்கு ஏறிவிட்டது. ஞாபகம்? இரண்டு கோஷ்டிக்கும் வித்தியாசமே இல்லை. ரத்தசோகை சரியானது, எலும்பு அடர்த்தி கூடியது, தாம்பத்திய விருப்பம் ஓரளவு கூடியது. இதய ரத்தக்குழாயில் படிந்த கொழுப்புத் திட்டு மட்டும் கூடவே கூடியது.

ஏன் இப்படி? முந்தைய கேள்வியின் பதிலை விட்டுவிட்டு நேராக இங்கே வந்திருந்தால் ஒரு தடவை திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஹிப்போகாம்பஸுக்கு எவ்வளவு, எந்த வடிவத்தில் வேண்டும் என்பதை அங்கிருக்கிற நொதிகள் பார்த்துக்கொள்கின்றன. ஆற்றில் தண்ணீரை ஏற்றிவிட்டால் மட்டும் கடைமடை வயலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமா? நடுவில் எத்தனை மதகு இருக்கிறது. இது என் ஊகம்தான், ஆனால் அந்த 493 பேரின் முடிவு ஊகம் இல்லை. பால்டிமோர் ஆய்வையும் இப்படிப் பாருங்கள்: நோய் உள்ளே தொடங்கிவிட்டதால் ஹார்மோன் குறைந்ததா, குறைந்ததால் நோய் வந்ததா என்று கவனித்துப் பார்க்கும் ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில் உங்கள் 310ஐயே நான் நம்ப மாட்டேன். டெஸ்டோஸ்டீரான் காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும். காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு முறை எடுத்தால்தான் அது கணக்கு. நீங்கள் மாலையில் போய்க் கொடுத்திருக்கிறீர்கள்.

ஊசிக்குச் செலவழிக்க இருந்த காசில் பி12, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பாருங்கள். ராத்திரி குறட்டை உண்டா என்று வீட்டம்மாவிடம் கேளுங்கள், நீங்கள் சொல்லும் பதில் செல்லாது. சளி, அரிப்புக்குத் தினமும் மாத்திரை போடுகிறீர்களா? பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் வயதானவர்களுக்கு ஞாபகத்தை மந்தமாக்கும். அப்புறம் காது. என்னைப் பார்க்க வந்த ஒருவர் இரண்டு வருடமாகத் தனக்கு மறதி நோய் என்று பயந்துகொண்டிருந்தார், கடைசியில் பார்த்தால் அவருக்குப் பெயர் மறக்கவே இல்லை, அறிமுகப்படுத்தும்போதே சரியாகக் காதில் விழவில்லை. காதில் விழாததைக் கடல்குதிரை எங்கிருந்து பதிவு செய்யும்?

வயது 24. எட்டு மாதமாக ஜிம்மில் சொன்னபடி ஊசி போடுகிறேன். உடம்பு நன்றாக ஏறியிருக்கிறது. ஆனால் படித்தது நிற்பதில்லை, எரிச்சல் அதிகம். சம்பந்தம் இருக்குமா? (வாசகர், கோவை)

இருக்கலாம் தம்பி. அமெரிக்காவில் மெக்லீன் மருத்துவமனை ஆய்வாளர்கள், பல வருடம் இந்த ஊசிகளைப் போட்ட பளுதூக்குபவர்கள் 31 பேரையும் போடாத 13 பேரையும் ஒப்பிட்டு 2013இல் எழுதினார்கள். உருவங்களையும் இடங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளும் சோதனையில் ஊசி போட்டவர்கள் தெளிவாகப் பின்தங்கினார்கள், எவ்வளவு அதிகம் போட்டார்களோ அவ்வளவு பின்னால். சின்ன ஆய்வுதான். ஆனால் 2006இல் யேல் பல்கலைக்கழகத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த நரம்புச் செல் வகைகளில் அளவுக்கு மீறிய டெஸ்டோஸ்டீரானை விட்டபோது, செல்கள் தாமாகவே செத்துப்போகும் பாதையில் இறங்கின. உடம்பு இயல்பாக வைத்திருக்கும் அளவில் அப்படி நடக்கவில்லை. ஹார்மோன் எமனாகவும் இல்லை, அமிர்தமாகவும் இல்லை, அளவுதான் விஷயம். ஜிம் ஊசியின் அளவு டாக்டர் எழுதும் அளவைப்போலப் பல மடங்கு இருப்பது சர்வசாதாரணம்.

இதைவிடக் கவலையான விஷயத்தை யாராவது உனக்குச் சொன்னார்களா தெரியவில்லை. வெளியிலிருந்து கொட்டினால் பிட்யூட்டரி சுரப்பி "போதும், நிறுத்து" என்று விதைப்பைக்குச் சமிக்ஞையை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு அறவே நின்றுபோகும். நாளைக்கே நானாக நிறுத்திவிடுகிறேன் என்றும் கிளம்பாதே, திடீரென்று நிறுத்தினால் மனச்சோர்வு கடுமையாக வரும், திரும்பச் சுரக்க மாதக்கணக்கில் ஆகும். இந்த வாரமே ஒரு நாளமில்லாச் சுரப்பி நிபுணரைப் பார், என்ன போட்டாய், எவ்வளவு போட்டாய் என்று ஒளிக்காமல் சொல். திட்டினால் வாங்கிக்கொள்.

பையன் பத்தாம் வகுப்பு. மீசை முளைக்க ஆரம்பித்ததிலிருந்து படிப்பு மண்டையில் ஏறவில்லை. எல்லாம் ஹார்மோன் செய்கிற வேலை என்கிறார் டியூஷன் மாஸ்டர். (வாசகி, கரூர்)

மாஸ்டர் ஹார்மோன் மேல் வீண்பழி போடுகிறார். கலிஃபோர்னியாவில் இர்வைன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2022இல் எலிகளிலும் சுண்டெலிகளிலும் பார்த்ததில், பருவமடைவதற்கு முன்பு பெண் குட்டிகள்தான் இடங்களை ஞாபகம் வைப்பதில் கெட்டி. பருவமடைந்ததும் தலைகீழ், ஆண்கள் முந்திவிட்டன. அதாவது மீசை முளைத்ததும் மந்தமாகும் என்பதற்கு எலி சாட்சி சொல்ல வராது. எலியை வைத்து உங்கள் பையனை எடைபோடச் சொல்லவில்லை, மாஸ்டரும் போட வேண்டாம் என்கிறேன்.

நான் சந்தேகப்படுவது தூக்கத்தை. இந்த வயதில் உடம்புக் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகும், பதினொன்றுக்கு முன்னால் தூக்கம் வராது, ஆனால் நாலரைக்கு எழுப்பி டியூஷனுக்கு அனுப்புவோம். சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்க விட்டுப் பார்த்தார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டீரான் 10இலிருந்து 15 சதவீதம் இறங்கிவிட்டது. பகலில் படித்தது கெட்டியாவதே தூக்கத்தில்தான். காலை டியூஷனை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள், மாஸ்டர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

ஆண் ஹார்மோன் இருப்பதால்தான் ஆண்களுக்கு வழி நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று என் அண்ணன் அளக்கிறான். எங்களுக்கு அது சுரக்கவே சுரக்காதா? (வாசகி, மதுரை)

சுரக்கும். சினைப்பையும் அட்ரினலும் தயாரிக்கின்றன. ஆணை ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான், ஆனால் பெண்ணின் ரத்தத்திலேயே எண்ணிக்கையில் ஈஸ்ட்ரடையாலைவிட டெஸ்டோஸ்டீரான்தான் அதிகம் என்று சொன்னால் அண்ணன் நம்ப மாட்டார்.

வழி கண்டுபிடிக்கிற விஷயத்தில் அண்ணனுக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். வட அமெரிக்காவில் புல்வெளி வோல் என்று எலிபோல் ஒரு பிராணி. ஆண் ஒன்று பல பெண்களைத் தேடி, இனப்பெருக்க காலத்தில் பெண்ணைவிடப் பல மடங்கு பரப்பில் அலையும். சோதனைப் புதிர்ப் பாதையில் ஆண் கெட்டி. அதே இனத்தின் சொந்தக்காரனான பைன் வோல், ஒரே துணையோடு ஒரே வட்டாரத்தில் வாழ்வது. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இல்லை. இப்போது மாட்டுப்பறவை என்று அங்கே ஒரு பறவை, நம் குயில் மாதிரி மற்ற பறவைகளின் கூட்டில் முட்டை போடுவது. எந்தக் கூடு எங்கே, எது தயார் என்று தினமும் நோட்டம் விட்டு ஞாபகம் வைப்பது பெண்ணின் வேலை, ஆண் கூட வராது. அங்கே பெண்ணின் ஹிப்போகாம்பஸ்தான் பெரிது. யார் அலைகிறாரோ அவருக்கு வழி தெரிகிறது. அண்ணனை ஒரு மாதம் பைக் சாவியை உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

என் கணவருக்கு 71 வயது, புரோஸ்டேட் புற்றுநோய். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போடுகிறார்கள், ஆண் ஹார்மோனை நிறுத்துவதற்காம். ஊசி தொடங்கியதிலிருந்து சொன்னதையே திரும்பச் சொல்கிறார். உங்கள் வரியைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. ஊசியை நிறுத்திவிடலாமா? (வாசகி, நாகர்கோவில்)

நிறுத்தாதீர்கள் அம்மா. இந்தப் பதிலுக்காகவே இந்த இதழில் இந்த விஷயத்தை எடுத்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். அந்தப் புற்றுநோய் டெஸ்டோஸ்டீரானைத் தின்று வளர்வது. 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் அதைக் காட்டினார், 1966இல் நோபல் பரிசும் வாங்கினார். உங்கள் கணவருக்குப் போடுவது அந்த வழியில் வந்த சிகிச்சைதான்.

மறதிக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு உண்டா என்று பெரிய பெரிய மருத்துவப் பதிவேடுகளை வைத்துப் பலர் அலசியிருக்கிறார்கள். சிலர் மறதி நோய் ஓரளவு கூடுகிறது என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள். நீங்கள் பார்ப்பது உங்கள் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஹார்மோன் நேரடிக் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். இந்த ஊசி போட்டவர்களுக்கு ராத்திரியில் உடம்பு குப்பென்று சூடாகி வியர்த்து நாலைந்து தடவை தூக்கம் கலையும். ரத்தசோகை வரும். மனச்சோர்வு வரும், ஆண்கள் அதை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்கள். மூன்றுமே ஞாபகத்தைக் கெடுப்பவை, மூன்றுக்குமே வைத்தியம் இருக்கிறது.

ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: என்ன மறந்தார், முந்தின ராத்திரி எப்படித் தூங்கினார், அடுத்த ஊசிக்கு எத்தனை நாள் இருந்தது. அடுத்த முறை போகும்போது அந்த நோட்டை டாக்டரிடம் கொடுங்கள், வாயால் சொன்னால் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவார்கள், எழுதிக் கொடுத்தால் படிப்பார்கள். ஊசியை இடைவெளி விட்டுப் போடும் முறையும் உண்டு, எல்லோருக்கும் பொருந்தாது, அவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து நடங்கள், இந்தச் சிகிச்சையில் வரும் அசதிக்கு உடற்பயிற்சி நன்றாகக் கேட்கும். நோட்டில் என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

முடி உதிராமல் இருக்க ஃபினாஸ்டரைட் மாத்திரை போடுகிறேன். அது டிஎச்டியைத்தானே குறைக்கிறது? ஞாபகம் போய்விடுமா? (வாசகர், சேலம்)

நன்றாகவே படித்திருக்கிறீர்கள். ஆமாம், 5-ஆல்ஃபா ரிடக்டேஸைத்தான் அது தடுக்கிறது. மறதி என்று புகார் சொல்கிறவர்கள் உண்டு, மாத்திரைதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதி செய்திருக்கிறது. மனது இருண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். முடி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முருங்கைக்காய், அமுக்கரா சாப்பிட்டால் ஆண் ஹார்மோன் ஏறி ஞாபகசக்தி கூடுமா? (வாசகர், விழுப்புரம்)

முருங்கைக்காய் சாம்பாருக்கு நல்லது. அமுக்கராவில் டெஸ்டோஸ்டீரான் கொஞ்சம் ஏறியதாகச் சில சின்ன ஆய்வுகள் உண்டு, ஆனால் ஜெல் தடவி முழுசாக ஏற்றியவர்களுக்கே ஞாபகம் கூடவில்லை என்பதை மேலே பார்த்தோமே. அமுக்கரா மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களும் இருக்கிறார்கள், டப்பாவின் மேல் போட்டிருக்கிற சிங்கப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

கல்யாண நாளை வருஷா வருஷம் மறக்கிறார். ஒரு மாதத்துக்கு முன்னாலிருந்தே தினமும் மெதுவாக நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறேன், அப்படியும் மறக்கிறார். இதற்கும் ஹார்மோனா? (வாசகி, சென்னை)

மெதுவாக, விடாமல், கால் மணி நேரம், 900 தடவை. தஞ்சாவூர் மாணவிக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். அடுத்த வருடம் ஒரே தடவை, சரமாரியாக.